நாற்பது கத்திகளும் ஒரு கீழ்வரிசையும்

நகராட்சி மண்டபத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் நாற்பத்தொரு குத்துவாள்களில் நாற்பது, நகராட்சித் தலைவர் ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் தங்கள் முனையைத் திருப்பிக்கொள்ளும். அவர் அலுவலகத்தில் இருந்தால் வடக்கே பார்க்கும். மதியம் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினால் மெதுவாகக் கிழக்கே நகரும். கார் வேகமாகப் போனால் இவையும் கொஞ்சம் வேகமாகத் திரும்பும். மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வீட்லதான் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதில் இப்போது யாருக்கும் வியப்பு இல்லை. மீதி ஒரு கத்தி மட்டும் முதலில் வேறு ஒருவரைப் பார்த்தது. அது யாரை, எதற்காகப் பார்த்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கத்திகளைச் சேர்த்தவர் ஒரு பல் டாக்டர். பேனா, நோட்டுப் புத்தகம் விற்கும் கடைக்கு மேலே, மாடியில், ஒற்றை நாற்காலி போட்டு வைத்தியம் பார்த்தார். படி ஏறும்போதே கிராம்பு எண்ணெய் வாசம் வரும். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆண்கள், கசாப்புக்காரர் முதல் கணக்கு வாத்தியார் வரை, இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார்கள். சண்டைக்கு அல்ல. கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும், பேச்சு தடிக்கும்போது கையை எங்கேயாவது வைத்துக்கொள்ளவும்தான். பிடியில் வெள்ளிக் குமிழ் இருக்கும், உறையின் வாயில் வெள்ளிப் பட்டை இருக்கும். பட்டையில் சொந்தக்காரரின் பெயரும் அப்பா பெயரும் தொழிலும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். பிறகு கத்தி கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. கத்திகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து அவை டாக்டரிடம் வந்ததற்குக் காரணம், ஊரில் பல் போனவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், பல் செட் கட்டிக்கொள்ள வழி உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள்.

முதலில் வந்தவர் கசாப்புக்காரர். ஊருக்கெல்லாம் கறி வெட்டிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மனிதர். கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, "இத வச்சுக்கிட்டு எனக்குப் பல்லு வச்சு விடுங்க" என்றார். டாக்டர் துணியைப் பிரித்தார், பார்த்தார், அன்றே அவருக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது. அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டார். வெள்ளி வேலை உள்ள கத்தி கொண்டுவந்தால் இரண்டு வரிசைப் பல்லும் கட்டித் தருவார். வெள்ளி இல்லாத வெறும் கத்தி என்றால் மேல்வரிசை மட்டும். சிரிப்பதற்கு மேல்வரிசை போதும், மெல்லுவதற்குத்தான் கீழ்வரிசை வேண்டும் என்பது அவர் கட்சி. யாரும் சண்டைக்கு வரவில்லை. வெள்ளி இல்லாத கத்திகளை வீட்டுச் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் கொடுத்துவிட்டு, வெள்ளிக் கத்திகளை மட்டும் பச்சை வெல்வெட் விரித்த இழுப்பறைகளில் அடுக்கினார். யாருடைய கத்தி, என்ன பல் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றின் பிடியிலும் எண் போட்டு ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மனைவியும் மேஜையின் இருபக்கமும் உட்கார்ந்து கத்தி துடைப்பார்கள். வெள்ளியைத் துடைப்பதில் டாக்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பட்டையின் மேடான இடங்களை மட்டும் நனைத்த சுண்ணப்பொடியும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்ப்பார். எழுத்து வெட்டிய பள்ளங்களில் ஏறியிருக்கும் கறுப்பைத் தொடவே மாட்டார், மனைவியையும் தொட விடமாட்டார். அத்தனை காலம் இடுப்பில் உரசிய வெள்ளி அது, எழுத்து தேய்ந்து மெலிந்திருந்தது. கறுப்பு இருப்பதால்தான் படிக்கவே முடிந்தது. "அது அழுக்கு இல்ல, அதான் அந்த ஆளு" என்பார். மனைவிக்கு அவர் சொன்னதில் இந்த ஒரு வாக்கியம்தான் முழுக்கப் பிடித்திருந்தது. இப்படி இருபத்தாறு வருடம் போயிற்று, கத்திகள் நாற்பத்தொன்று ஆயின.

பிள்ளைகள் இல்லை. வீட்டுச் சுவரில் ஈரம் ஏற ஆரம்பித்தது. நமக்குப் பிறகு இவை பழைய இரும்புக்குப் போகக்கூடாது என்று நினைத்து, டாக்டர் எல்லாவற்றையும் நகராட்சிக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு கத்திக்கும் கீழே அதை இடுப்பில் கட்டியிருந்தவர் பெயர் இருக்க வேண்டும். கசாப்புக்காரர், கயிறு திரிப்பவர், தபால்காரர், மண்பானைக்காரர், ஊரே மேல்வரிசை என்று கூப்பிட்ட படகோட்டி என்று எல்லோரும் வரிசையாக அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும். தலைவர் டாக்டரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க இஷ்டம்தான் டாக்டர் சார், அதுல ஒரு எழுத்து மாறாது" என்றார். ஒரு எழுத்து மாறவில்லைதான். எல்லா எழுத்தும் போய்விட்டது.

நடந்தது இதுதான். திறப்பு விழாவுக்குக் கத்திகள் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று தலைவர் அவற்றைப் பாத்திரம் மெருகு போடும் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரத்தில் வைத்து ஒரே நாளில் நாற்பத்தொன்றையும் தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடம் காப்பாற்றிய கறுப்பு ஒரு பகலில் போனது, அதோடு பெயர்களும் போயின. பட்டைகள் புது டம்ளர் மாதிரி மின்னின. பெட்டிக்குள் அழகான அச்சில் நாற்பத்தொரு அட்டைகள் இருந்தன. "தலைவரின் முன்னோர் போர்க்களத்தில் ஏந்திய குத்துவாள்" என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம். தலைவரின் அப்பா கடைத்தெரு முனையில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்தவர். நல்ல மனிதர். குடைக்கம்பியைத் தவிரக் கூரானது எதையும் அவர் கையில் பிடித்து யாரும் பார்த்ததில்லை. அந்த மண்டபத்தில் அன்று கைதட்டியவர்களில் பாதிப் பேர் அவரிடம் குடை தைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும், ஆனாலும் கூசாமல் கைதட்டினார்கள். தன் அப்பா செய்த யோக்கியமான வேலையைச் சொல்ல வெட்கப்பட்ட ஒருவர், அடுத்தவர் அப்பாக்களைத் தூக்கித் தன் வம்சத்தில் ஒட்டவைத்துக்கொண்டார். எழுதும்போதே வயிறு எரிகிறது.

டாக்டர் மேடை ஏறினார். "இது கசாப்புக்காரரோடது, இது தபால்காரரோடது, பேர் எங்க?" என்று விரலை நீட்டி நீட்டிக் கேட்டார். தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"வயசாச்சு டாக்டர் சார், ஞாபகம் தப்புது. எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு?"

"நீ தேச்சதாலதான்யா ஒரே மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். அவரை இரண்டு பேர் மரியாதையாக அணைத்துக் கீழே இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அவர் மனு எழுத ஆரம்பித்தார். நகராட்சிக்கு மூன்று, மாவட்டத்துக்கு இரண்டு, அருங்காட்சியகத் துறைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. ஒரு பதிலில் அவரையே தலைவரின் முன்னோர் என்று தவறாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நோயாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க, டாக்டர் கையில் கண்ணாடிக் குச்சியோடு இந்த அநியாயத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பல்லைப் பார்ப்பார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்த அத்தனை பேரும் அவர் பக்கம்தான் இருந்தார்கள்.

திறப்பு விழா முடிந்த ஒன்பதாம் நாள் காலையில், மண்டபத்தைத் திறந்த சாவிக்காரர் கத்திகள் திரும்பியிருப்பதைப் பார்த்தார். உறைகள் வைத்த இடத்தில் இருந்தன. பக்கத்தில் கிடந்த கத்திகள் மட்டும் வடக்கே, தலைவரின் அறை இருந்த பக்கம் முனையை வைத்திருந்தன. பஸ் போகும் அதிர்வு என்று நினைத்து எல்லாவற்றையும் நேராக வைத்துவிட்டு அவர் திரும்பினார், கத்திகளும் திரும்பின. தலைவர் வந்தார். பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கத்திகளும் பெட்டிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றின. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த ஒரு மாதத்தில் அவற்றைக் கம்பியால் கட்டிப் பார்த்தார்கள், பசை போட்டு ஒட்டினார்கள், பலகையில் வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். திருகாணிகள் காலையில் ஒழுங்காகக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பொறியாளர் வந்து பூமிக்கு அடியில் காந்தப்பாறை இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பாறை எப்படி மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடக் கிளம்பும் என்று சாவிக்காரர் கேட்டபோது அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் மண்டபத்துக்குப் போய், பெட்டிக்குப் பெட்டி நின்று, பெயர் போன கத்திகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "விடாத, நல்லா பாரு" என்று சொல்லிவிட்டு வருவார். ஒரு வாரம் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் முப்பது வருடமாகப் பல் அச்சுக்கு மாவு கலந்து கொடுத்தவர், எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர். மூன்றாவது பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"என்னங்க, இது ஒண்ணு மட்டும் உங்களப் பாக்குது."

"பசை சரியா விடலைபோல. கோணலா நிக்குது."

"அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

டாக்டர் போய் நின்றார். நாற்பது கத்திகளும் தலைவர் வீட்டுப் பக்கம் அசையாமல் இருக்க, அந்த ஒன்று மட்டும் மெள்ளத் திரும்பி அவர் தொப்புளுக்கு நேராக முனையை வைத்தது. அவர் தூணுக்குப் பின்னால் போனார். அது தூணைப் பார்த்தது. படி இறங்கி வீட்டுக்குப் போனார். அது படியையும் கடைத்தெருவையும் கடந்து வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்ததாக மறுநாள் சாவிக்காரர் சொன்னார்.

மனைவி வீட்டுக்கு வந்ததும் அந்தத் தடித்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். நாற்பத்தொரு எண்கள். ஒன்று முதல் வரிசையாக எல்லாவற்றுக்கும் எதிரே இரண்டு வரிசை, இரண்டு வரிசை என்று எழுதியிருந்தது. பத்தொன்பதாம் எண்ணுக்கு மட்டும் மேல்வரிசை என்று எழுதியிருந்தது. அது படகோட்டியின் கத்தி, டாக்டரைப் பார்த்துத் திரும்பியதும் அதுதான். வெள்ளி இல்லாவிட்டால்தான் மேல்வரிசை. வெள்ளி இல்லாத கத்திக்குப் பச்சை வெல்வெட்டில் என்ன வேலை என்று மனைவி கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததைத் திரும்பவும் துடைத்தார். பிறகு சொன்னார்.

அந்த நாற்பத்தொன்றிலும் அழகான கத்தி அதுதான். உறையின் வாயிலிருந்து நுனி வரை வெள்ளியில் ஆற்று அலைகளை வெட்டியிருந்தது. பார்த்த நிமிஷமே அதை இழுப்பறையில் எந்த இடத்தில் வைப்பது என்று அவர் முடிவு செய்துவிட்டார். படகோட்டிக்கு இரண்டு வரிசைக்கும் அச்சு எடுத்து முடித்திருந்தார். ஆனால் அந்த வாரம் கையில் இருந்த கீழ்வரிசைப் பற்கள் ஒரே ஒரு வாய்க்குத்தான் போதும், அவற்றை ஒரு மில் முதலாளிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். இன்னொரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம். அதனால் பட்டையை விரலால் தேய்த்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "இது வெள்ளி இல்லப்பா, பூச்சு வேலை" என்று சொன்னார். படகோட்டி கொஞ்ச நேரம் கத்தியைப் பார்த்தார். "எங்கப்பா வெள்ளின்னாரு. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரிதான்" என்றார். மேல்வரிசையை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். பதினொரு வருடம் அந்த மேல்வரிசையோடு படகு தள்ளினார், அதோடு செத்தும் போனார். ஊரார் அவருக்கு மேல்வரிசை என்று பெயர் வைத்தபோது டாக்டரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். தலைவரைத் திட்டித் தீர்த்த அதே வாய்தான் அது.

மனைவி எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மாவு அச்சை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். படகோட்டியின் கீழ்த்தாடை. அச்சுகளைத் தூக்கிப் போடும் பழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. டாக்டர் ஆறு நாள் உட்கார்ந்து அதற்குக் கீழ்வரிசை கட்டினார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவர் பல் கட்டியதில்லை. ஏழாம் நாள் அதை ஒரு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு படகோட்டியின் மகளைப் பார்க்கப் போனார்.

அவள் பாலத்தடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தாள். டியூப்பைத் தண்ணீர் சட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வாங்க டாக்டர், சைக்கிளுக்குக் காத்தா?" என்றாள். டாக்டர் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். டப்பாவைத் திறந்தும் காட்டினார். அவள் டியூப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை.

"யாரு வாயில வைக்க?" என்றாள்.

டாக்டர் டப்பாவை மூடினார்.

"பதினோரு வருஷம் ரொட்டிய டீயில ஊற வச்சு முழுங்கினாரு டாக்டர். நாலு பேரு உக்காந்து சாப்பிடுற எடத்துக்குப் போகவே மாட்டாரு. இன்னொரு தடவ போய்க் கேளுப்பான்னு நான் சண்டை போட்டிருக்கேன். அதுக்கு என்ன சொல்வாரு தெரியுமா? நம்ம கத்தியில வெள்ளி இல்லம்மா, அந்த மனுஷன் என்ன பண்ணுவாருன்னு உங்களுக்குத்தான் பரிஞ்சு பேசுவாரு. பல்லு போனாப் போகட்டும். எங்க தாத்தா வெள்ளின்னு சொல்லிக் குடுத்த கத்தி அது. பெத்த அப்பனே என்ன ஏமாத்திட்டாருன்னு நெனச்சுக்கிட்டே செத்தாரு எங்கப்பா. அதுக்கு எந்த அச்சுல என்ன கட்டிக் குடுப்பீங்க?"

"கத்திய உங்ககிட்டயே குடுத்துடச் சொல்றேம்மா."

"எனக்கு எதுக்கு? பஞ்சர் ஒட்டவா? அங்கேயே கெடக்கட்டும். நீங்க செஞ்சத உங்க கையால எழுதி அதுக்குக் கீழ வைங்க. இந்தப் பல்லையும் அது பக்கத்துலயே வைங்க. வர்றவன் போறவன் பாக்கட்டும்."

சாவிக்காரரின் தாய்மாமாதான் அந்தத் தபால்காரர். இருபத்து மூன்றாவது கத்தி அவருடையது. அதனால் சாவிக்காரர் யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்துவிட்டார். டாக்டர் அச்சடித்த அட்டையை எடுத்துவிட்டு, கீழ்வரிசையை வைத்து, தன் கையெழுத்தில் ஓர் அட்டை வைத்தார். "படகோட்டியின் கத்தி. வெள்ளி. தவறுதலாக மேல்வரிசை மட்டும் கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். கத்தி அசையவில்லை. அவர் தொப்புளையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறைக்காரன் வெள்ளியைத் தேய்த்த மாதிரி இவர் வாக்கியத்தைத் தேய்த்திருக்கிறார் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. "டாக்டரய்யா, இது இத ஒத்துக்கல" என்றார் சாவிக்காரர். டாக்டர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு அட்டை வாங்கி, திரும்ப எழுதினார். "இது படகோட்டியின் கத்தி. வெள்ளி. அவர் அப்பா சொன்னது உண்மை. இதை வெள்ளி இல்லை என்று பொய் சொல்லி, கீழ்வரிசை தராமல் பறித்தவன் நான். பல் டாக்டர்." அட்டை உள்ளே போனதும் கத்தி மெதுவாகத் திரும்பித் தன் உறைக்கு இணையாகப் படுத்துக்கொண்டது. அதன்பிறகு அது யாரையும் பார்த்ததில்லை.

இதை ஊரே பார்த்தது. என்ன செய்தால் கத்தி படுக்கும் என்பது தலைவருக்கும் தெரிந்துபோயிற்று. நாற்பது அட்டைகளை மாற்றினால் முடிந்தது. குடைக்காரர் மகன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவர் எழுதவில்லை. "முன்னோரின் நண்பர்கள் ஏந்தியவை" என்று ஒரு தடவை மாற்றிப் பார்த்தார், கத்திகள் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தன, பயந்துபோய்ப் பழைய அட்டையையே வைத்துவிட்டார். அடுத்த இரண்டு தேர்தலிலும் அவரே ஜெயித்தார். கத்தி பார்ப்பதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் சம்பந்தமில்லை என்று ஊர் முடிவு செய்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. சாவிக்காரர் டாக்டரின் நோட்டை ஒரு கயிற்றில் கட்டிப் பெட்டிக் காலில் தொங்கவிட்டிருக்கிறார். கசாப்புக்காரரின் பேரன்களும் கயிறு திரிப்பவரின் மருமகள்களும் வந்து, எண்ணைப் பார்த்துக் கத்தியைக் கண்டுபிடித்து, பெயர் இல்லாத பட்டையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து, பெட்டிக்குள் தூசி தட்டிய சாவிக்காரர் டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து கீழ்வரிசையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைவாய்ப் பற்களின் மேடு தேய்ந்திருந்தது. வலது பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. கண்ணாடிக்குள் சும்மா வைத்த பல் தேயாது. இது மூன்று வேளையும் நன்றாக மென்று சாப்பிட்ட பல் என்று எந்தப் பல் டாக்டரும் சொல்லிவிடுவார். அவர் அதை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனார். படகோட்டியின் மகள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வாங்கிப் பார்த்தாள்.

"வலது பக்கமாத்தான் மெல்லுவாரு. சாப்பிடட்டும்" என்றாள். பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேஞ்சத ஒழுங்கா சரி பண்ணி வைங்க. நாளைக்குள்ள வைங்க. அவரு பட்டினி கெடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டியூப்பைத் திரும்பத் தண்ணீரில் அமுக்கினாள்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை டாக்டர் அந்தக் கீழ்வரிசையை எடுத்துப் போய், தேய்ந்த பற்களை மாற்றி, மறுநாள் காலையில் மண்டபம் திறப்பதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். இது பத்தாவது வருடம். போன தடவை பற்களுக்கு நடுவே ஏதோ தானியத்தின் உமி சிக்கியிருந்தது. அதைக் குச்சியால் எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு வைத்தார்.